வளவே பலகை

செட்டிநாட்டு ஊரான நாட்டரசன்கோட்டைக்குப் பலகை விளையாட்டு செய்யும் எண்ணத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். கைப்பேசியில் முகப்புச் சுதைச் சிற்பங்களையும் தேக்குத் தூண்களையும் படமெடுப்பார்கள். ஊருக்குத் திரும்பியதும் 100 கட்டம் போட்ட பரமபதத்தின் மேல் அந்தப் படங்களை ஒட்டிவிடுவார்கள். 12ஆம் கட்டத்தில் கண்ணுடைய நாயகி அம்மன் கோயில், 47ஆம் கட்டத்தில் கம்பர் சமாதி, ஏணிக்குப் பதில் தூண். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் படத்தை உரித்துவிட்டு மதுரையின் படத்தை ஒட்டினாலும் அதே ஆட்டம்தான் ஆடுவோம். ஊருக்கும் ஆட்டத்துக்கும் ஒட்டு உறவு இல்லை.

கட்டடத்திலிருந்து படத்தை எடுக்காதீர்கள், விதியை எடுங்கள். இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்துவது இதைத்தான். வீட்டில் மனிதர்கள் எப்படி நடந்தார்கள், எங்கே நின்றார்கள், எது வழி மறித்தது, மழை எங்கே விழுந்தது என்று பாருங்கள். காய் அப்படி நகரட்டும்.

உலகம் முழுக்க விற்கிற நல்ல ஆட்டங்கள் இப்படித்தான் உருவாகியிருக்கின்றன. 2017இல் வந்த ‘அசூல்’, போர்ச்சுகல் நாட்டுச் சுவர்ப் பூச்சு ஓடுகளை வைத்து மிக்கேல் கீஸ்லிங் உருவாக்கியது. மறு ஆண்டே ஜெர்மனியின் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ விருதைப் பெற்றது. அதில் தேவைக்கு மேல் ஓடு எடுத்தால் மிஞ்சியது ‘கீழே விழுந்து’ புள்ளி குறையும். கையில் அள்ளியதை வீணாக்கக் கூடாது என்ற கொத்தனாரின் கவலை அப்படியே விதியாகியிருக்கிறது. 2000இல் வந்த ‘கார்கசோன்’ பிரான்சின் கோட்டை நகரத்தின் பெயரைத் தாங்கியது. அட்டையின் விளிம்பில் மதில் இருந்தால் பக்கத்து அட்டையிலும் மதில் தொடர வேண்டும், பாதை இருந்தால் பாதை தொடர வேண்டும். ஆட்டத்தின் உயிரே அந்த ஒரு விதிதான்.

நம்மிடமும் இது புதிதல்ல. ஃபதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தின் தரையிலேயே பச்சீசிப் பலகை கிடக்கிறது. அதே ஆட்டம்தான் 1896இல் இங்கிலாந்தில் ‘லூடோ’ என்று காப்புரிமை பெற்று, பிளாஸ்டிக் டப்பாவில் நம் வீட்டுக்கே திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் பழைய கோயில் மண்டபத் தரைகளிலும் குளத்துப் படிகளிலும் ஆடு புலி ஆட்டக் கோடுகளும் பல்லாங்குழிக் குழிகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கண்டால் சாக்குக்கட்டியால் நிரப்பாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால் தேய்ந்த கோடும் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து எடுத்தால் அளவும் கிடைத்துவிடும்.

வீட்டைப் பார்ப்பது

முதல் வேலை அனுமதி. இங்குள்ள பெரிய வீடுகள் பலவற்றுக்குப் பங்காளிகள் பல பேர். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில் இருப்பார். வீட்டுத் திறவுகோல் காவலுக்கு இருப்பவரிடம் இருக்கும். அவர் திறந்துவிட்டார் என்பதற்காக உள்ளே போய் அளக்கக் கூடாது. பங்காளிகளில் ஒருவரிடமாவது பேசி, என்ன வரையப் போகிறீர்கள், எங்கே வெளியிடப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். வீட்டின் விலாசத்தையும் முகப்பிலுள்ள பெயரெழுத்துகளையும் பலகையில் போடாதீர்கள். எந்த அறையில் எந்தப் பெட்டகம் இருக்கிறது என்பதைத் தாளில் குறிக்கவே வேண்டாம்.

அனுமதி கிடைக்காவிட்டாலும் வேலை நிற்காது. ஆத்தங்குடியிலும் கானாடுகாத்தானிலும் கட்டணம் செலுத்திப் பார்க்கக்கூடிய வீடுகளும், தங்கும் விடுதியாக மாறிய வீடுகளும் இருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்த பிறகு வெளியாட்களுக்குக் கதவு திறக்கும் பழக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஊருக்கு ஊர் முகப்பு மாறினாலும் வீட்டின் வரிசை பெரிதாக மாறாது.

நாடா வைத்து அளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவரில் எதையும் ஒட்டவோ சாய்க்கவோ கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் அதைச் சரிசெய்யத் தெரிந்த கை இன்று அரிது. தரையைப் பாருங்கள். ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த தரையென்றால் வேலை சுலபம். ஒரு கல்லை மட்டும் அளந்துகொள்ளுங்கள், 8 அங்குலமோ 10 அங்குலமோ இருக்கும். பிறகு கல்லை எண்ணிக்கொண்டே நடந்தால் தாழ்வாரத்தின் நீள அகலம் வந்துவிடும். குறிப்பேட்டில் கட்டம் போட்ட தாள் இருந்தால் ஒரு கல்லுக்கு ஒரு கட்டம் என்று நேராகவே வரையலாம். பலகையின் முதல் வரைபடம் அங்கேயே உருவாகிவிடும்.

வரையும்போது மூன்று விஷயங்களை விட்டுவிடாதீர்கள்.

முதலாவது, வாசல்களின் நேர்கோடு. முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் அறைகளும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு ஒரு தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும். நிலைகள் எல்லாம் ஒரே கோட்டில் இருப்பதால் முன்வாசலில் நிற்பவருக்குப் பின்வாசலின் வெளிச்சம் தெரியும்.

இரண்டாவது, வளவைச் சுற்றிய அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. ஒரே கூரைக்குக் கீழே பல குடும்பங்கள், ஒவ்வொன்றும் தனிப் ‘புள்ளி’, அதாவது கணக்கில் தனிக் குடும்பம். அறைதான் அவர்களுடைய சொந்த இடம். தாழ்வாரமும் முற்றமும் எல்லாருக்கும் பொது.

மூன்றாவது, கூரைச் சரிவு. நாட்டு ஓட்டுக் கூரைகள் நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரிகின்றன. இரண்டு சரிவுகள் சேரும் மூலையில்தான் மழைத் தண்ணீர் கனமாக விழும். அண்டாவும் குடமும் அங்கேதான் வைக்கப்படும்.

சொந்த அறை, பொது நடை, நேர்வாசல், மழை. ஓர் ஆட்டத்துக்கு இவை போதும்.

வளவாட்டம்

பலகை 36 சென்டிமீட்டர்ச் சதுரம். அதை 4 சென்டிமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்தால் ஒன்பதுக்கு ஒன்பது வரும். வெளிவரிசையை ஒதுக்கிவிட்டு உள்ளே ஏழுக்கு ஏழு எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றுக் கட்டங்கள் 24, அவைதான் தாழ்வாரம். நடுவிலுள்ள ஐந்துக்கு ஐந்து, வானம் பார்த்த முற்றம். அதில் கட்டம் போடாமல் வெறுமையாக விட்டுவிடுங்கள்.

முன்பக்க நடுக்கட்டத்தை ஒட்டி வெளியே முகப்பு. எதிர்ப்பக்க நடுக்கட்டத்தை ஒட்டி அடுப்படி. இடமும் வலமும், மேலிருந்து மூன்றாவது, ஐந்தாவது கட்டங்களை ஒட்டி ஒவ்வோர் அறை. மொத்தம் நான்கு அறைகள், நான்கு பேர். தாழ்வாரத்தின் நான்கு மூலைகளிலும் தாயக்கட்டத்தில் போடுவதுபோலப் பெருக்கல் குறி போடுங்கள். அங்கே நிற்கும் காயை வெட்ட முடியாது, அண்டா இருக்கும் இடம்.

ஆளுக்கு இரண்டு காய். முகப்பில் ஆளுக்கு இரண்டு சோழி, அடுப்படியில் ஆளுக்கு இரண்டு புளியங்கொட்டை. சோழி கப்பலில் வந்த சாமான்: பர்மா தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி. புளியங்கொட்டை, வீட்டுக்கு வந்து சேரும் நெல்லும் விறகும். நான்கையும் தன் அறையில் முதலில் சேர்ப்பவர் வெல்வார். ஒரு காய் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சுமக்கும். ஒரு வாசலிலிருந்து கொண்டுவந்து வைத்தபின் அடுத்த முறை எதிர்வாசலுக்குத்தான் போக வேண்டும். சுமையோடு இருக்கும் காய் வெட்டுப்பட்டால் சுமை வந்த வாசலுக்கே திரும்பும், காய் அறைக்குத் திரும்பும்.

யாருக்கு எந்த அறை? இதற்கு நாட்டரசன்கோட்டையே ஒரு முறையைத் தருகிறது. தைப் பொங்கலுக்குப் பின் வரும் செவ்வாய்க்கிழமை, அம்மன் கோயிலின் முன் நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எல்லாரும் கூடிச் செவ்வாய்ப் பொங்கல் வைக்கிறார்கள். முதல் பானை யாருடையது என்பதைச் செல்வமோ வயதோ தீர்மானிப்பதில்லை. பெயர்களை எழுதிப் போட்டுக் குலுக்கி எடுக்கும் சீட்டுதான் தீர்மானிக்கிறது. எல்லாப் புள்ளியும் சமம் என்பதை இத்தனை எளிமையாக நடத்திக் காட்டும் விழாவை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆகவே உங்கள் ஆட்டமும் சீட்டில் தொடங்கட்டும். நான்கு துண்டுத்தாள், ஒரு சின்னச் சொம்பு, வயதில் சிறியவர் எடுக்கட்டும். முதலில் வந்த பெயருக்குப் பிடித்த அறையும் முதல் ஆட்டமும்.

முகப்புக்குப் பக்கத்து அறை கிடைத்தவருக்கு லாபம் அல்லவா என்று கேட்பார்கள். எண்ணிப் பாருங்கள். முன் நடுக்கட்டத்திலிருந்து பக்கத்து அறை வாசலுக்கு 5 கட்டம், தள்ளியிருக்கும் அறை வாசலுக்கு 7. அடுப்படிப் பக்கத்திலிருந்து எண்ணினால் இது அப்படியே தலைகீழ். இரண்டு சோழி, இரண்டு புளியங்கொட்டை சுமக்க எல்லாருக்குமே 24 கட்டம்தான். முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் சம மதிப்புக் கொடுத்ததால் கிடைத்த சமநிலை இது. சோழியை மட்டும் வைத்து ஆடினால் ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

இனி தாயக்கட்டை. ஆறு முகப் பகடை வேண்டாம், பித்தளைத் தாயக்கட்டை இரண்டை உருட்டுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் (அதாவது ஒன்று) 2 விதம், இரண்டு 3, மூன்று 4, நான்கு 3, ஐந்து 2, ஆறு 1, பன்னிரண்டு 1. ஆட்டம் செய்ய நினைக்கும் எவரும் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் விதியில் கைவைக்கும் ஒவ்வொரு முறையும் இது தேவைப்படும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் வழக்கம்போல மறுபடி உருட்டலாம். 16க்கு 6 முறை மறு உருட்டல் என்பதால் ஆட்டம் சுறுசுறுப்பாகவே ஓடும்.

முகப்பிலிருந்து முதன்முதலாக வீட்டுக்குள் வரத் தாயம் விழ வேண்டும். அது 8 உருட்டலுக்கு ஒரு தடவைதான் விழும். பெரியவர்கள் அந்தக் காத்திருப்பை ரசிப்பார்கள், பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் பிள்ளைகள் ஆடும்போது ஒரு காயை முன் நடுக்கட்டத்தில் வைத்தே தொடங்குங்கள், இரண்டாவது காய்க்கு மட்டும் தாயம் கேளுங்கள்.

அடுத்து நேர்வாசல் விதி. முன் நடுக்கட்டத்தில் நிற்கும் காய், எந்த எண் விழுந்தாலும் அதைச் செலவழித்து முற்றத்தின் குறுக்கே நேராக எதிர் நடுக்கட்டத்துக்குப் போகலாம். எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதும் அப்படியே. ஆனால் எதிர் நடுக்கட்டத்தில் வேறொருவர் காய் நின்றால் வழி அடைபட்டது. வாசற்படியில் ஒருவர் நின்றுவிட்டால் மற்றவர் போக முடியாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. பலகையில் இது கூர்மையான ஆயுதம். தனக்கு வேலையில்லாத காயைக் கொண்டுபோய் அடுப்படி வாசலில் நிறுத்தி மற்ற மூவரையும் சுற்றி நடக்க வைக்கலாம். அப்படி நிற்கும் காயைத் தாழ்வாரம் வழியாக வந்து வெட்டலாம், அது மூலையில் இல்லை என்பதால்.

மழைதான் கடைசி விதி. பன்னிரண்டு விழுந்தால் மழை. முற்றத்தின் நடுவில் சொம்பைக் கவிழ்த்து வையுங்கள், அது இருக்கும்வரை யாரும் குறுக்கே போக முடியாது. பன்னிரண்டு போட்டவருக்கு நட்டமில்லை. 24 கட்டச் சுற்றில் பன்னிரண்டு என்பது சரியாகப் பாதி, ஆகவே வாசலில் நின்ற அவருடைய காய் நனையாமல் தாழ்வாரம் வழியாகவே எதிர்வாசலை அடைந்துவிடும். ஏழுக்கு ஏழு வைத்துக்கொள்ளச் சொன்னதன் காரணம் இதுதான்.

மழை எப்போது நிற்பது? தாயம் விழுந்தால் நிற்கும் என்று வைத்தால், சராசரியாக 16 உருட்டல் வெயில், 8 உருட்டல் மழை, அதாவது ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் முற்றம் அடைபட்டுக் கிடக்கும். சிவகங்கைச் சீமைக்கு இவ்வளவு மழை கிடையாது, நேர்வாசல் விதியும் வீணாகும். தாயம், ஐந்து, ஆறு இந்த மூன்றில் எது விழுந்தாலும் மழை நிற்கும் என்று மாற்றினால் மழை சுமார் 3 உருட்டலில் ஓயும், ஆறில் ஒரு பங்கு நேரம்தான் அடைப்பு. அந்த அளவு போதும். எண்ணைக் கொஞ்சம் திருகினால் ஊரின் தட்பவெப்பமே பலகையில் மாறுகிறது, பாருங்கள்.

பூக்கல் ஆட்டம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தரையைப் பார்த்தவர்களுக்குப் பாதி விதி தானே விளங்கும். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்டும் இட்டுச் சமன்செய்து, உலர்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு கல்லில் இறங்கிவிடுகிறது. பல பூக்கற்களில் ஒரு மூலைக்குக் கால் பூதான் இருக்கும். நான்கு கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தால்தான் முழுப்பூ.

36 அட்டைச் சதுரம் வெட்டுங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என வண்ணத்துக்குப் பன்னிரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மூலையில் கால் பூ. தரை ஆறுக்கு ஆறு. முறைக்கு ஒரு கல் எடுத்து உங்கள் முன்னே தொட்டியில் போட வேண்டும், அதற்கு அடுத்த முறையில் அல்ல, அதற்கும் அடுத்த முறையில்தான் தரையில் பதிக்கலாம். பூவின் மூன்றாவது கல்லைப் பதித்தவருக்கு 1 புள்ளி, நான்காவது பதித்து முடித்தவருக்கு 2. தொட்டியில் ஊறுவது எல்லார் கண்ணுக்கும் தெரியும். எதிராளியின் தொட்டியில் பச்சை ஊறுகிறதா இல்லையா என்று பார்த்துத்தான் பச்சைப் பூவின் மூன்றாவது கல்லைத் துணிந்து வைக்க முடியும். தொட்டி விதியை எடுத்துவிட்டு ஆடிப் பாருங்கள், மூன்றாவது கல்லை யாருமே வைக்க மாட்டார்கள், ஆட்டம் அப்படியே உறைந்துவிடும்.

செய்பொருள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தாயக்கட்டையும் பல்லாங்குழியும் கிடைக்கும். கட்டையைச் சமதரையில் பல முறை உருட்டி ஒரே முகம் திரும்பத் திரும்ப விழுகிறதா என்று பார்த்து வாங்குங்கள், தேய்ந்த கட்டை ஒரு பக்கம் சாயும். அங்கேயே தூண் துண்டையும் கதவுப் பலகையையும் காட்டி, இதில் பலகை செய்துகொள்ளுங்கள் என்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த மரம் ஏதோ ஒரு வீடு இடிந்ததால்தான் கடைக்கு வந்தது. நாம் வாங்க வாங்க அடுத்த வீட்டுக்கு விலை பேசப்படும். உள்ளூர் ஆசாரியிடம் புது வேங்கைப் பலகையோ பலா மரமோ கேட்டால் 36 சென்டிமீட்டருக்கு இழைத்துத் தருவார்.

எடை இல்லாத பலகை வேண்டுமென்றால் துணி நல்லது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் கட்டங்களே கோடு போட்ட பலகைபோல இருக்கும். கிழிந்துபோன பழைய சேலையின் நல்ல பகுதியை எடுத்து, காடாத் துணி மேல் தைத்து, அறைகளையும் மூலைக் குறியையும் நூலால் போட்டால் சுருட்டிக் கையில் எடுத்துப் போகலாம். காயையும் சோழியையும் போட்டுவைக்க ஒரு சின்ன ஓலைக் கொட்டான்.

அச்சிட்ட படம் போடத்தான் வேண்டுமென்றால் பெட்டியின் மூடியில் போடுங்கள். பலகையில் வேண்டாம். கோடும் குறியும் மட்டும் இருக்கும் பலகையில்தான் ஆடுபவரின் மனம் வீட்டை நிரப்பிக்கொள்ளும்.

ஆடிப் பார்ப்பது

முதல் சோதனையை உங்கள் நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள், விதியின் ஓட்டைகள் அங்கே தெரிந்துவிடும். இரண்டாவது சோதனை இந்த வீடுகளில் வளர்ந்த ஓர் ஆச்சியோடு. நீங்கள் விதியைச் சொல்லத் தொடங்கும் முன்பே பலகையை அவர் முன் வைத்துவிட்டு, அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். முகப்பு எது, அடுப்படி எது என்று நீங்கள் சொல்லாமலே அவர் கண்டுகொண்டால் வரைபடம் சரி. தயங்கினால் வீட்டின் வரிசையில் எதையோ விட்டிருக்கிறீர்கள், விதியைத் தொடாமல் வரைபடத்தைத் திருத்துங்கள். பலர் தாயத்துக்கு வேறு வழக்கும் சொல்வார்கள், அடுத்தடுத்து மூன்று முறை மறு உருட்டல் வந்தால் எல்லாம் கழிந்துபோகும் என்பது மாதிரி. அதை வாதிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், விதித்தாளில் ‘வீட்டு வழக்கு’ என்று தனி இடம் விடுங்கள்.

மூன்றாவது சோதனை, விதித்தாளை மட்டும் கொடுத்துவிட்டு நீங்கள் வாய் திறக்காமல் உட்காருவது. அவர்கள் உங்களிடம் திரும்பிக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தாளில் விடுபட்ட ஒரு வரி. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் விதியைக் குறையுங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள்.

பலகை முடிந்ததும் இரண்டாகச் செய்து ஒன்றை, வரைய அனுமதித்த வீட்டுக்காரரிடம் மார்கழிக்குள் சேர்ப்பித்துவிடுங்கள். செவ்வாய்ப் பொங்கலுக்கு வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் வந்து, பூட்டியிருந்த வளவு திறந்திருக்கும் நாட்களில் அது தரையில் விரிக்கப்படும்.